தேக்கா முறுக்கும் 500 கேலன் வினிகரும்

தீபாவளி நேரத்தில் தேக்காவில் பலகாரக் கடை போடுகிறீர்கள் என்று வையுங்கள். முறுக்கு, அதிரசம் இரண்டே ஐட்டம். மாவு, எண்ணெய்ச் செலவு போக முறுக்குப் பாக்கெட்டில் 3 வெள்ளி நிற்கும், அதிரசத்தில் 4. கணக்காளர் பாஷையில் இதற்குப் பெயர் காண்ட்ரிபியூஷன். (வாடகை இதில் சேராது. சிராங்கூன் ரோடு வாடகையைச் சேர்த்தால் கடையே போட மாட்டீர்கள்!)

மாவு 30 கிலோ, எந்தப் பாக்கெட்டானாலும் அரை கிலோ. சமையல்காரரின் நேரம் 800 நிமிடம். முறுக்குக்கு 10, அதிரசத்துக்கு 20. 4 வெள்ளிதானே பெரிசு, அதிரசமாகவே சுடு என்பார் முதலாளி. 40 பாக்கெட்டில் நேரம் தீர்ந்து 160 வெள்ளி. முறுக்கு மட்டும் என்றால் 60-ல் மாவு காலி, 180. கிராஃப் தாளில் மாவுக்கு ஒரு கோடு, நேரத்துக்கு ஒரு கோடு போடுங்கள். இரண்டும் வெட்டும் மூலையில் 40 முறுக்கு, 20 அதிரசம், 200 வெள்ளி. பரீட்சைப் பிள்ளைகளை மிரட்டும் லீனியர் புரோகிராமிங் இவ்வளவுதான் சார்!

1939-லேயே லெனின்கிராடில் ப்ளைவுட் ஆலைக்காக இதைக் கண்டுபிடித்தவர் கான்டரோவிச். லாபம் என்றாலே முகம் சுளிக்கும் நாட்டில்! 1975-ல் அவருக்கும் இதே துறையில் உழைத்த கூப்மன்ஸுக்கும் பொருளாதார நோபல். 1947-ல் இந்தக் கணக்கைப் போட சிம்ப்ளெக்ஸ் முறையைத் தந்த ஜார்ஜ் டான்ட்சிக்குக் கைதட்டும் வேலை.

டான்ட்சிக் லேசுப்பட்ட ஆளில்லை. பெர்க்லியில் வகுப்புக்கு லேட்டாக வந்து, போர்டில் கிடந்த இரண்டு கணக்கை ஹோம்வொர்க் என்று நினைத்துப் போட்டுக் கொடுத்தவர். அதுவரை யாருமே விடை காணாத கணக்குகள் அவை.

அப்பேர்ப்பட்டவரிடம் 1950-களில் டாக்டர் சொன்னார்: உடம்பைக் குறையுங்கள். டயட் என்ன பெரிய விஷயம், நம் கணக்குதானே என்று 500-க்கும் மேற்பட்ட உணவுகளைக் கணினிக்குள் தள்ளினார். வயிறு நிறைய வேண்டும்; அதற்கு உணவின் எடைதான் அளவு, அதில் தண்ணீர் எடை சேராது. வந்த மெனுவில் 500 கேலன் வினிகர்! பட்டியலில் வினிகரின் தண்ணீர் அளவு பூஜ்யமாம். குடிக்கிறவருக்கு ஒரே ஒரு வயிறு என்று கணினிக்கு யார் சொன்னது?

வினிகரைத் தூக்கினார். அடுத்த மெனு, 200 சூப் கட்டிகள். மேதை சும்மா இருப்பாரா? சிலதை வெந்நீரில் கரைத்து வாயில் வைத்தார். உப்புக் கரைசல், துப்பிவிட்டார். பிறகுதான் சூப் கட்டி மூன்றுக்கு மேல் கூடாது என்று உச்சவரம்பு போட்டார்.

நம் கடைக்கும் அதே கதைதான். 30 முறுக்குக்கு மேல் வாங்க ஆள் இல்லை என்றால் அதற்கும் கோடு வேண்டும். அப்போது விடை 30 முறுக்கு, 25 அதிரசம், 190 வெள்ளி. கோட்டை மறந்தால் மிச்சப் பத்துப் பாக்கெட்டை நீங்களே கடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

டான்ட்சிக்கிடம் திரும்புவோம். சூப் கட்டிக்கு வரம்பு போட்டதும் கணினி இரண்டு பவுண்டு தவிடு தின்னச் சொன்னது. மெனுக்களையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அவர் மனைவி ஆன், இனி என் டயட்தான் என்று சமையலைக் கையில் எடுத்தார். டான்ட்சிக் 22 பவுண்டு இளைத்தார்.