டீசலா, பெட்ரோலா?

கேள்வி: செகண்ட் ஹேண்டில் போலோ ஜிடி வாங்க ஆசை. எந்த இன்ஜின் எடுத்தால் நாளை விற்கும்போது கையைக் கடிக்காது?
– வாசகர், குன்றத்தூர்

பதில்: டீசல்தான். பிஎஸ்-6 மாசு விதி வந்த 2020 ஏப்ரலோடு அந்த டிடிஐ இன்ஜின் கதை முடிந்தது; 2022-இல் போலோவே விடைபெற்றது. இனி வராது என்றதும் கிராக்கி ஏறிவிட்டது, நம் ஆட்கள் அப்படி! ஆனால் டெல்லிக்காரரிடம் விற்பது சிரமம். பத்து வயது தாண்டிய டீசலுக்கு அங்கே வந்த தடையால், அப்படி ஒரு கார் என்றாலே ஓடுவார்கள்.

பெட்ரோல் 1.2 டிஎஸ்ஐ பறக்கும். அதன் டிஎஸ்ஜி கியர்பாக்ஸை நினைத்துத்தான் வாங்குபவர் பேரம் பேசுவார். கியர்பாக்ஸை இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் யூனிட் படுத்தால் பில் லட்சத்தைத் தாண்டும். போரூர் நெரிசலில் ஊர்ந்து பாருங்கள். முதல் கியரிலிருந்து இரண்டுக்கு மாறும்போது உதறினால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். முருகன் கோயிலில் எலுமிச்சம்பழம் நசுக்குவதெல்லாம் அதற்குப் பிறகு.