காஞ்சிபுரத்து அமெரிக்கர் வங்கிக் கணக்குத் தொடங்குவது எப்படி?

அமெரிக்கப் பாஸ்போர்ட் கைக்கு வந்த நாளிலிருந்து நீங்கள் அந்நிய நாட்டவர். இது பிள்ளையார்பாளையத்தில் யாருக்கும் தெரியாது. தெருமுனைப் பெரியவர் இன்னும் "ஏகாம்பரம் பையன்தானே நீ?" என்றுதான் கேட்பார். விஷயம் தெரிந்த ஒரே இடம் வங்கி. அங்கே போவதற்குள் இதைப் படித்துவிடுங்கள். வைகாசி கருட சேவை நாளாகப் பார்த்துக் கிளம்பாதீர்கள்; காந்தி ரோட்டைத் தாண்ட முடியாது.

கல்லூரிக் காலத்துச் சேமிப்புக் கணக்கைப் பற்றி நீங்களாக வாயைத் திறக்க வேண்டாம். எல்லோரிடமும் அப்படி ஒன்று இருக்கிறது. வெளிநாட்டில் குடியேறியவர் அதை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றியாக வேண்டும் என்பது அந்நியச் செலாவணிச் சட்டம். "அது பாட்டுக்கு இருக்கட்டும், கேஸ் மானியம் அதுலதான் வருது" என்பது வீட்டுச் சட்டம். கவுன்டர் அம்மா உங்கள் பெயரைத் தட்டியதும் திரையில் அது எழுந்து வரும். அந்த நேரத்தில் ஆச்சரியப்படுவதற்கு வீட்டிலேயே கண்ணாடி முன் பழகிக்கொண்டு போங்கள்.

கணக்கில் இரண்டு வகை. வீட்டு வாடகை, அப்பா விட்டுப்போன தறிக்கூடத்தை விற்ற காசு என்று இங்கே விளையும் பணத்துக்கு என்.ஆர்.ஓ. வட்டியில் 30 சதவீதமும் அதன் மேல் செஸ்ஸும் வங்கியே பிடித்துக்கொள்ளும். இந்திய-அமெரிக்க வரி ஒப்பந்தத்தைக் காட்டி அதை 15 சதவீதமாகக் குறைக்கலாம். அதற்கு, இவர் எங்கள் ஊரில் வரி கட்டுகிறவர்தான் என்று அமெரிக்க வரித்துறை ஒரு சான்று தர வேண்டும். அது வந்து சேர்வதற்குள் டெபாசிட் முதிர்ந்துவிட்டால் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

அங்கிருந்து அனுப்பும் டாலருக்கு என்.ஆர்.இ. இதன் வட்டிக்கு இந்தியாவில் வரியே கிடையாது. இதைச் சொல்லும்போது கிளை மேலாளர் முகத்தில் ஒரு பிரகாசம் தெரியும். தலையாட்டி வையுங்கள். அந்த வட்டிக்கும் அமெரிக்கா வரி கேட்கும் என்று சொல்லி அவர் மனத்தை நோகடிக்க வேண்டாம். ஆள் பூமியில் எந்த மூலையில் இருந்தாலும் குடியுரிமையை வைத்தே வரி கேட்கும் நாடுகள் அமெரிக்காவும் எரித்ரியாவும்தான்.

கைலாசநாதர் கோயில் பார்க்க வந்த வெள்ளைக்கார அமெரிக்கருக்கு இவ்வளவு சிக்கல் இல்லை. வெளிநாட்டுப் பணத்தைக் கொண்டுவந்து என்.ஆர்.ஓ. கணக்கு தொடங்கி, ஆறு மாதத்துக்குள் மிச்சத்தை எடுத்துக்கொண்டு விமானம் ஏறிவிடலாம். அவருக்கு இங்கே அம்மா கிடையாது என்பது பெரிய வசதி. அம்மாவைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர். உங்கள் பெயர் வரதராஜன், அப்பா ஏகாம்பரம் என்று வைத்துக்கொள்வோம். சின்ன காஞ்சிபுரத்துப் பெருமாளும் பெரிய காஞ்சிபுரத்துச் சிவனும் ஒரே பெயரில் அடங்கிவிட்டார்கள். வங்கிக் கணினியில்தான் அடங்க மாட்டார்கள். பள்ளிச் சான்றிதழில் ஏ. வரதராஜன். அந்த 'ஏ' ஆங்கிலத்துக்குப் போகும்போது ஏகாம்பரத்தின் 'ஈ' ஆகவா, சத்தத்துக்கு ஏற்ற 'ஏ' ஆகவா என்பது அன்றைய ஹெட்மாஸ்டரின் மனநிலையைப் பொறுத்தது. பான் கார்டில் ஏகாம்பரம் வரதராஜன். அமெரிக்கப் பாஸ்போர்ட்டில் வரதராஜன் முன்பெயர், ஏகாம்பரம் குடும்பப் பெயர். அலுவலகத்தில் எல்லோரும் 'மிஸ்டர் ஏகாம்பரம்' என்று உங்கள் அப்பாவைத்தான் கூப்பிடுகிறார்கள். இவர்கள் எல்லோரும் ஒரே ஆள் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் கொடுங்கள். நாலு ஜெராக்ஸ் எடுங்கள். ஐந்தாவதைக் கேட்பார்கள்.

அடுத்து ஃபாட்கா படிவம். சுவிஸ் வங்கிகளில் பதுக்கிய தன் ஊர்ப் பணக்காரர்களைப் பிடிக்க அமெரிக்கா 2010-ல் போட்ட சட்டம் இது. உலகத்து வங்கிகளெல்லாம் தங்களிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கர்களைக் காட்டிக்கொடுக்க வேண்டும். மறுத்தால் அமெரிக்காவிலிருந்து அந்த வங்கிக்கு வரும் சிலவகைப் பணத்தில் 30 சதவீதம் பிடித்தம். இந்தியா 2015 ஜூலை 9-ல் கையெழுத்துப் போட்டது. உங்கள் விவரத்தை வங்கி இந்திய வருமான வரித்துறைக்குச் சொல்லும், அது அமெரிக்காவுக்குச் சொல்லும். ஜூரிக் கோடீஸ்வரருக்கு விரித்த வலையில் கீரை மண்டபத்துப் பக்கம் எண்பதாயிரம் ரூபாய் போட்டவரும் விழுந்து கிடக்கிறார்.

அமெரிக்கர் என்று கண்டுபிடிக்க வங்கிக்கு அடையாளங்கள் கொடுத்திருக்கிறார்கள்: அமெரிக்க முகவரி, தொலைபேசி எண், முக்கியமாகப் பிறந்த இடம். நீங்கள் பிறந்தது காஞ்சிபுரம் அரசு மருத்துவமனை, அதனால் அந்தக் கட்டம் பிரச்சினை இல்லை. உங்கள் அக்கா மகள் கதைதான் பாவம். நியூஜெர்சியில் பிறந்து, மூன்று மாதத்தில் இங்கே வந்து, கோயில் இட்லி தின்று வளர்ந்து, அமெரிக்காவைத் தொலைக்காட்சியில் மட்டும் பார்த்தவள். கல்லூரிக் கட்டணத்துக்குக் கணக்கு தொடங்கப் போனால் அவளும் அமெரிக்க வரிதாரர். குடியுரிமை வேண்டாம் என்று எழுதிக்கொடுக்கலாமே என்பீர்கள். அப்படி எழுதிக்கொடுப்பதற்கான கட்டணத்தை 2014-ல் 450 டாலரிலிருந்து 2,350 டாலராக ஏற்றினார்கள்.

இனி அம்மா. கணக்கு தொடங்கிய களைப்போடு வீட்டுக்கு வந்தால் ஒரு நற்செய்தி சொல்வார்: "எஃப்.டி.யில உன் பேரையும் சேர்த்துட்டேன்டா. எனக்கு ஒண்ணுன்னா நீ அலையக் கூடாது பாரு."

வெளிநாட்டுக் கணக்குகள் எல்லாம் சேர்த்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் அமெரிக்க அரசுக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். எஃப்பார் என்பார்கள், 1970-ல் வந்த சட்டத்தின் பிள்ளை. கூட்டுக் கணக்கென்றால் பாதி இல்லை, முழுத் தொகையையும் காட்ட வேண்டும். அறிக்கை போய்ச் சேரும் இடம் கருவூலத் துறையின் நிதிக் குற்றத் தடுப்புப் பிரிவு. இதை அம்மாவுக்கு விளக்கும் முறை:

"ஏன்டா, அது என் பணம்டா."

"பணம் உன்னோடதுதாம்மா. பேரு என்னோடதும் இருக்கே."

"பேரு இருந்தா? ரேஷன் கார்டுலகூடத்தான் இருந்துது. அதுக்கு ஒபாமாவுக்கு எழுதினியா?"

இங்கே விளக்கத்தை நிறுத்திவிட்டு அறிக்கையை அனுப்பிவிடுங்கள். வரி எதுவும் இல்லை. கொடுக்காமல் விட்டால்தான் அபராதம். தெரியாமல் விட்டிருந்தாலும் 10,000 டாலரும் அதற்கு மேலும் போகலாம். ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனி அபராதம் என்று அரசு வாதாடிய பிட்னர் வழக்கில், இல்லை, அறிக்கைக்கு ஒன்றுதான் என்று 2023-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐந்து கிளையில் ஐந்து எஃப்.டி. போட்டிருக்கும் அம்மாக்களின் பிள்ளைகளுக்கு அதில் ஆறுதல்.

மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட் ஒருவர், பெரும்பாலும் தூரத்து மாமா, வீட்டுக்கு வருவார். காபி கொடுத்து அனுப்புங்கள். இந்திய ஃபண்டுகளை அமெரிக்கா சந்தேகத்தோடு பார்த்து ஒவ்வொன்றுக்கும் தனிப் படிவம் கேட்கும்; அதை நிரப்ப ஆடிட்டர் வாங்குகிற காசில் ஃபண்டின் லாபம் போய்விடும். சில ஃபண்டு நிறுவனங்கள் அமெரிக்கர் என்றாலே வேண்டாம் என்கின்றன. அவர்கள் புத்திசாலிகள்.

ஊரில் சொத்து வைத்தே தீருவேன் என்றால் அம்மாவின் பீரோவைப் பாருங்கள். நேரடியாகக் கையில் இருக்கும் நகையும் துணியும் நிதிச் சொத்து ஆகாது. எஃப்பாரிலும் வராது, வெளிநாட்டு நிதிச் சொத்துகளை அமெரிக்க வரித்துறைக்குக் காட்டும் 8938 படிவத்திலும் வராது. வங்கி லாக்கரும் கணக்கு அல்ல. கோர்வை போட்டு நெய்த பழைய பட்டில், பட்டு நூல்மேல் வெள்ளி சுற்றித் தங்க முலாம் பூசிய அசல் ஜரிகை இருக்கும். அந்த வெள்ளிக்காகவே பழைய பட்டுப்புடவையை விலைக்கு எடுக்க ஆள் இருக்கிறது. பான் கார்டு, நோட்டரி, ஜெராக்ஸ் எதுவும் கேட்காத முதலீடு. வருடத்துக்கு ஒருமுறை வெளியே எடுத்து நிழலில் காற்றாட விட்டு, மடிப்பை மாற்றி வையுங்கள். பாச்சை உருண்டை போட வேண்டாம், ஜரிகை கறுத்துவிடும்.