தாத்தா வழிச் சொத்து

தோட்டத் துண்டாடலில் தாத்தாவுக்கே பங்கு கிடைக்கவில்லை. அவருடைய அல்சைமர் மறதியில் மட்டும் பேரனுக்குப் பங்கு உண்டா?
– வாசகர், குளுவாங், ஜொகூர்

உண்டு, ஆனால் உயில் எழுதி முடிந்துவிடவில்லை. 65 வயதுக்குப் பின் வரும் அல்சைமரில் முதல் சந்தேகம், 19ஆம் குரோமோசோமிலுள்ள ஏ.பி.ஓ.இ மரபணுவின் 4ஆம் வகைமீது. 1993இல் இதை வெளிக்கொணர்ந்தது அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகம். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் அபாயம் ஏறக்குறைய 3 மடங்கு. இருவரிடமிருந்தும் வந்தால் 8 மடங்கையும் தாண்டும். அப்போதும் நோயே வராமல் வாழ்ந்து முடித்தவர்கள் உண்டு. அதே மரபணுவின் 2ஆம் வகையோ காவல் நிற்கிறது!

இந்தியர்களுக்கு இந்த 4ஆம் வகை அதிகமோ?
– வாசகர், மாசாய், ஜொகூர்

ஹரியானாவின் பல்லப்கரில் எண்ணிப் பார்த்தார்கள்: நூறு மரபணுப் பிரதிகளில் 7. ஒப்பிட்ட பென்சில்வேனியப் பகுதியில் 11. ஆனால் அது இருந்தவர்களிடம் நோயோடு அதற்கிருந்த தொடர்பு இரண்டு ஊரிலும் ஒன்றுபோலவே.

மரபணுவை மாற்ற முடியாது. வேறென்ன செய்ய?
– வாசகர், பத்து பகாட், ஜொகூர்

சர்க்கரையைக் கடைசியாகச் சோதித்தது எப்போது? நீரிழிவும் மறதிநோய் அபாயத்தைக் கூட்டும். 2019ஆம் ஆண்டு தேசியச் சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. நாட்டின் இனங்களில் அதுவே அதிகம்.