மடக்குக் கத்தி விசாரம்

தர்மபுரி ஜில்லா மொரப்பூர் ரயிலடியில் பாசஞ்சர் வண்டிக்காகக் காத்திருக்கும் ஒருவனுக்கு உலகத்துச் சாஸ்திரங்கள் அனைத்தையும் விசாரித்து முடிக்கும் அளவுக்கு அவகாசம் உண்டு. எனக்கு வாய்த்த அவகாசத்தை, பண்டிதர் எவரும் இதுவரை சீந்தாத ஒரு பொருளாகிய பெரிய மடக்குக் கத்தியின்மீதும், அதைச் சுமந்து திரிவோரின் அனுபவங்கள்மீதும் செலவிட்டேன் என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் பிரமாணங்கள் யாவும் ரயிலடியிலும், அரூர்ச் சாலைத் தேநீர்க்கடை பெஞ்சிலும் பிரத்தியட்சமாகக் கண்டவை. கத்திக்காரர்கள் தாங்களாகவே முன்வந்து சாட்சியம் அளித்தார்கள். அவர்களுடைய மனைவிமார்களின் சாட்சியம், கேட்காமலே கிடைத்தது.

பெரியது என்பதற்கு இலக்கணம் யாது என்பதே முதல் வினா. சர்க்கார் இதற்கு அங்குலக் கணக்கில் விடை சொல்லியிருக்கிறது: 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தை ஒட்டி 1962இல் வகுத்த விதிகளின்படி, வீட்டுக்கும் உழவுக்கும் தொழிலுக்கும் என்று செய்யப்படாத கத்தி ஒன்றின் அலகு ஒன்பது அங்குல நீளத்தையோ இரண்டங்குல அகலத்தையோ மீறுமானால் அது ஆயுதக் கணக்கில் சேர்ந்தது. பிரான்ஸ் தேசத்துச் சவோய் மலைநாட்டில் 1890இல் மடக்குக் கத்தி செய்யத் தொடங்கிய ஜோசப் ஒப்பினெல் என்பவர், 1897இல் தம் கத்திகளை ஒன்று முதல் பன்னிரண்டு வரை எண்ணிட்டு வரிசைப்படுத்தி இச்சிக்கலைத் தீர்த்தார். உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் கத்தி திறக்கும்போது எழும் ஓசையே அளவுகோல் என்பார் உண்டு. இம்மூன்று கொள்கைகளையும் பூர்வபக்ஷமாக ஏற்று, மொரப்பூர்ச் சித்தாந்தத்தை இவ்வாறு நிறுவுகிறேன்: சட்டைப் பையில் போட்டால் எந்தக் கத்தி நிமிர்ந்து நின்று எட்டிப் பார்க்குமோ, அதுவே பெரிய மடக்குக் கத்தி.

ஆகவே அது சட்டைப் பையில் வசிப்பதில்லை. வேட்டிக்குப் பையே கிடையாது. மடியில் செருகினால் குனியும்போது விலாவில் இடிக்கும்; அகலமான பச்சை பெல்ட்டின் பையிலோ ஏற்கெனவே பணமும் பொடி டப்பியும் குடியிருக்கும். எஞ்சியது பட்டாபட்டி டிராயரின் பை ஒன்றே. முழங்கை வரை உள்ளே போகக்கூடிய அந்த ஆழ்ந்த பையே இவ்வஸ்துவின் இயற்கையான உறைவிடம் என்று நான் துணிகிறேன். இதனால் இரண்டு விளைவுகள் உண்டு. நெடுங்காலம் கத்தி வைத்திருந்தவரின் நடை, கத்தி உள்ள பக்கமாகச் சற்றே சாய்ந்துவிடுகிறது. மேலும், கத்தியை வெளியே எடுக்கும் கிரியைக்கு வேட்டியை உயர்த்துதல், திரும்பி நிற்றல், துழாவுதல் ஆகிய மூன்று அங்கங்கள் அமைந்துவிடுவதால், அவசரம் என்ற சொல்லுக்கும் இவ்வாயுதத்துக்கும் சம்பந்தமே இல்லாமல் போகிறது.

தமிழருக்கு மடக்கும் கலை புதிதன்று. ஓலையில் எழுதிய நாளில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று மூவகை எழுத்தாணிகள் வழக்கில் இருந்தன. அவற்றுள் மூன்றாவது, மரத்தாலோ கொம்பாலோ தந்தத்தாலோ ஆன பிடிக்குள் மடங்கி ஒடுங்குவது. ஓலை வாரும் கத்தியும் அதனோடு சேர்ந்திருப்பதுண்டு. ஒரு புலவர் தம் இடையில் கத்தியை வைத்திருந்தார் என்றால் காவியம் எழுதப் போகிறார் என்று பொருள் கொள்ளலாயிற்று. காகிதம் வந்தது, எழுத்தாணி உதிர்ந்தது, கத்தி மாத்திரம் எஞ்சி, தன் பிரயோஜனத்தைத் தேடி அலையத் தொடங்கியது.

உள்ளூர்க் கொல்லரிடம் இவ்விஷயத்தைப் பிரஸ்தாபித்தேன். லாரிப் பட்டையை உலையிலிட்டு அடித்து ஒரு பொழுதுக்குள் அரிவாள் வடித்துத் தரும் வல்லமை உடையவர் அவர். "மடக்குக் கத்தி செய்வீர்களா?" என்றதும் சிரித்தார். "அதுல கத்தி கொஞ்சம்ங்க, ஸ்பிரிங்கும் ஆணியும்தான் மிச்சம். வெட்டணும்னா எதுக்குங்க மடக்கணும்?" என்றார். பிடிக்குள் இருக்கும் பட்டை வில், அலகின் அடியை அழுத்திக்கொண்டே இருப்பதால்தான் திறந்த கத்தி திறந்தும், மூடியது மூடியும் நிற்கிறது. அந்த வில் தளர்ந்தால், அலகு வெட்ட வேண்டிய பொருளை விட்டுவிட்டு உடையவரின் விரலை நாடும். இந்நுட்பம் அவருக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அதனால்தான் செய்வதில்லையாம். எனவே இங்குள்ள கத்திகள் திருவிழாக் கடைகளில் வாங்கியவை, அல்லது பெங்களூருக்கு வேலைக்குப் போன பிள்ளைகள் கொண்டுவந்து கொடுத்தவை.

இனி இவ்வாராய்ச்சியின் உயிர்நிலைக்கு வருவோம். கத்தியின் நீளமும் அதனால் வெட்டப்படும் பொருளின் பருமனும் தலைகீழ் விகிதத்தில் உள்ளன என்பதே நான் கண்ட விதி. தேங்காய்க்கும் கரும்புக்கும் கொடுவாளை எடுப்பார்கள்; பலாப்பழத்துக்கு அரிவாள்மணை வரும்; ஏழங்குல மடக்குக் கத்தியோ வாழைப்பழத்துக்கும் பீடிக்கட்டு நூலுக்குமே வெளிப்படும். ஒரு நாள் தேநீர்க்கடைக்காரர் பால் பாக்கெட்டைப் பல்லால் கடிக்கப் போன சமயத்தில், பெஞ்சிலிருந்த முதியவர் பதறி எழுந்தார்.

"இருப்பா, இருப்பா. கத்தி இருக்குது."

"பரவால்லீங்க தாத்தா."

"எதுக்குடா பல்லு? அதான் இருக்குதுன்றேன்ல?"

வேட்டி உயர்ந்தது, திரும்பி நின்றார், துழாவினார். நகம் பதிக்கும் பள்ளத்தில் நகம் நில்லாமல் இருமுறை வழுக்கி, மூன்றாம் முறை 'டக்'கென்று அலகு நிமிர்ந்தபோது, பெஞ்சில் அமர்ந்திருந்த அனைவரும் பேச்சை நிறுத்தினார்கள். அதற்குள் பால் அடுப்பில் ஏறிவிட்டது என்பது வேறு விஷயம். முதியவர் முகத்தில் ஏமாற்றத்தின் சாயலே இல்லை. கத்தியைத் துண்டில் துடைத்து, வெயிலில் ஒருமுறை திருப்பிப் பார்த்து, மடக்கினார். வெட்டுவது இக்கருவியின் தொழிலன்று, 'இருக்குது' என்று சொல்வதற்கு ஒருவருக்குத் தகுதி அளிப்பதே அதன் தொழில் என்று எனக்கு அன்றுதான் விளங்கியது.

இத்தகைய கத்திக்குச் சத்துரு பகைவன் அல்லன், மாம்பாலும் புளியும். இந்த ஜில்லாவில் இரண்டுக்கும் பஞ்சமில்லை. மாம்பால் கீலில் இறங்கிப் பிசினாக உறைகிறது. புளியின் அமிலம் எஃகைக் கறுக்கவைத்துத் துருவுக்கு வழி திறக்கிறது. ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விடாமல் ஒரு மழைக்காலம் விட்டுவைத்தால், மடங்கியது மடங்கியதுதான். மொரப்பூர்க்காரருக்கு இதில் வியப்பு ஏதுமில்லை. இங்கிருந்து தர்மபுரிக்கு 1906இல் விரிக்கப்பட்டு, 1913இல் ஓசூர்வரை நீட்டப்பட்ட இரண்டரையடி அகலக் குறுகிய ரயில்பாதையை 1941இல், யுத்த காலத்தில், மடக்கி வைத்தார்கள். மீண்டும் திறக்க 2019இல் அடிக்கல் நாட்டினார்கள். நகம் வழுக்கிக்கொண்டிருக்கிறது.

ஒரே ஒரு மடக்குக் கத்தி இந்தப் பிரதேசத்தில் மெய்யாகவே உழைக்கிறது என்பதை நியாயம் கருதிச் சொல்லவேண்டும். கிருஷ்ணகிரியை அடுத்த சந்தூர்ப் பக்கத்து நாற்றுப் பண்ணைகளில் மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டுவோர் கையிலுள்ள ஒட்டுக்கத்தியே அது. தண்டைச் சீவி, ஒட்டுக் குச்சியை ஆப்புப்போல் செதுக்கிப் பொருத்தும் அந்தச் சிறு அலகு, தோப்புத் தோப்பாக மாமரங்களுக்குப் பிதாமகன். பெரிய கத்திக்காரர்களிடம் இதைக் கூறினேன். "அது பேனாக் கத்திங்க" என்று ஒரே குரலில் தள்ளிவிட்டார்கள்.

ஆராய்ச்சியாளன் அனுபவமின்றிப் பேசலாகாது என்பதால் நானும் ஒன்று வாங்கினேன். வாங்கிய வாரத்தில் ஒரு பார்சலின் சணலையும், என் கட்டைவிரலின் நுனியையும் அது அறுத்தது. பிறகு ஒரு முழு மாம்பழப் பருவம் அது என்னிடம் இருந்தும் வீட்டார் அரிவாள்மணையை விட்டு இறங்கவில்லை. ஐப்பசி மழைக்குப் பின் அது திறக்க மறுத்தது. இப்போது மேஜைமீது, மின்விசிறிக் காற்றில் இக்கட்டுரையின் தாள்கள் பறக்காதபடி, மடங்கிய கோலத்தில் அழுத்திக்கொண்டு கிடக்கிறது. இதை எழுதிய பென்சிலை ஓர் அரை பிளேடால் சீவிக்கொண்டேன்.