காத்திருக்க வைத்தருளும் கோமான்கள் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்திஸ்ரீ. மருத்துவப் படிப்பு என்னும் மண்டலம் முழுவதையும் நீட் என்னும் ஒரே தேர்வின் குடைக்கீழ்க் கொணர்ந்து வீற்றிருந்தருளும் தேசியத் தேர்வு முகமைப் பெருந்தகைகளுக்கும், இடம் ஒதுக்கும் செங்கோலைத் தாங்கி நிற்கும் மருத்துவக் கலந்தாய்வுக் குழுச் சான்றோர்க்கும் பல்லாண்டு, பல்லாண்டு. முல்லைக்குத் தேர் கொடுத்தவன் பெயரைத் தமிழர் இன்னும் மறக்கவில்லை. பதினேழு வயதுப் பிள்ளைக்கு ஒரு கோடை முழுவதையும், மனது வைத்தால் மழைக்காலத்தையும் சேர்த்து, காத்திருப்பாக அள்ளித் தந்த தங்கள் கொடையை மட்டும் மறப்போமா?

நீட் வருவதற்கு முன்பு தமிழ்நாட்டில் என்ன அவசரம்! பிளஸ் டூ மதிப்பெண் வந்த வாரத்திலேயே கட்-ஆஃப் கூட்டிப் பார்த்து, கிடைக்கும் கிடைக்காது என்று வாத்தியாரே சொல்லிவிடுவார். பிள்ளையும் அழுவதை அழுதுவிட்டு வேறு வேலையைப் பார்க்கும். நிச்சயம் என்ற அந்த நோயிலிருந்து எங்களை மீட்டவர்கள் தாங்கள்.

2024-ஆம் ஆண்டுத் திருவிளையாடலைப் பாட ஒரு நாவு போதாது. மே 5 அன்று தேர்வு. முடிவு ஜூன் 14 என்று தாங்களே நாள் குறித்திருந்தீர்கள். ஆனால் தங்கள் அடக்கம் அதுவரை பொறுக்கவில்லை. நாடே மக்களவைத் தேர்தல் முடிவில் மூழ்கிக் கிடந்த ஜூன் 4 அன்று, பத்து நாள் முன்னதாக, யாருடைய பாராட்டும் தங்கள் மேல் விழுந்துவிடாதபடி ஓசையின்றி வெளியிட்டீர்கள். அந்தப் பட்டியலில் 67 பேர் 720-க்கு 720. சரியான விடைக்கு நான்கு, தவறினால் ஒன்று குறையும் என்பது தங்கள் சட்டம். ஒரு கேள்வியை விட்டால் 716, தப்பாக எழுதினால் 715. அதற்கு மேல் 720 வரை வேறு எண் முளைக்க இடமே இல்லை. அந்தத் தரிசிலும் 718, 719 என்று மதிப்பெண் விளைவித்துக் காட்டினீர்கள். ராமானுஜனுக்குத் தோன்றாத கணிதம் தங்களுக்குத் தோன்றியது.

அது கருணை மதிப்பெண் என்று பிறகு அறிந்தோம். தேர்வு நேரத்தை இழந்த 1,563 பேருக்குக் கருணை சுரந்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் ஏறியதும் கொடுத்த கருணையைத் திரும்பப் பெற்றுக்கொண்ட பெருங்கருணையும் சுரந்தது. ஜூன் 23-இல் அவர்களுக்கு மறுதேர்வு. அதன்பின் இயற்பியல் வினா ஒன்றுக்கு எது சரியான விடை என்று டெல்லி ஐஐடி வல்லுநர்கள் நீதிமன்றத்துக்குச் சொல்ல, ஜூலை 26-இல் மீண்டும் ஒரு பட்டியல். முழு மதிப்பெண் பெற்றவர்கள் 67 பேர் 61 ஆகி, 61 பேர் 17 ஆனார்கள். ஒருமுறை எழுதிய தேர்வுக்கு மும்முறை நெஞ்சு படபடக்கும் பேறு வேறெந்த நாட்டுப் பிள்ளைக்கு வாய்க்கும்? கலந்தாய்வு ஆகஸ்ட் நடுவில்தான் தொடங்கியது. பாட்னாவிலும் ஹசாரிபாக்கிலும் மட்டும் வினாத்தாள் தேர்வுக்கு முன்பே சிலருக்குத் தரிசனம் தந்துவிட்டது. நாடு முழுவதும் சீராகப் பரவியிருந்த காத்திருப்பில், பாவம், அந்தச் சிலருக்குத்தான் பங்கு கிடைக்காமல் போயிற்று.

மூத்தவர்களையும் பெரியோர் விட்டுவைக்கவில்லை. அதே 2024-இல் முதுநிலை நீட் ஜூன் 23 என்று அறிவிக்கப்பட்டு, டாக்டர்கள் வெளியூர்களில் அறை எடுத்துத் தங்கிய பிறகு, முந்தின நாள் இரவில் மத்திய சுகாதார அமைச்சகம் அதை ஒத்திவைத்தருளியது. இரவு நேரத்தில் மனிதனைத் தேடிச் செய்தி அனுப்பும் அக்கறை எல்லா அலுவலகத்துக்கும் வருமா? 2021-இல் இளநிலைத் தேர்வு செப்டம்பரில், முடிவு நவம்பர் 1-இல், அகில இந்தியக் கலந்தாய்வோ 2022 ஜனவரியில். ஒரு குழந்தையைப் பத்து மாதம் சுமப்பவள் தாய் என்பார்கள். அந்த ஆண்டுப் பிள்ளைகளைத் தாங்களும் தங்கள் பங்குக்கு மாதக்கணக்கில் சுமந்தீர்கள்.

இந்தக் கொடையின் பலன் வீட்டுக்குள் வந்து பார்த்தால்தான் தெரியும். காலையில் எழுந்ததும் பிள்ளை போனை எடுத்து இணையதளத்தைத் திறக்கிறது. அது சுற்றுகிறது, சுற்றுகிறது, சுற்றிக்கொண்டே நிற்கிறது. ஓடிபி வருவதற்குள் நேரம் முடிகிறது. அம்மா நேர்ந்துகொள்ளாத கோயில் மாவட்டத்தில் பாக்கி இல்லை. கல்யாண வீட்டுக்குப் போனால் "பாப்பாவுக்கு என்னாச்சு?" என்று கேட்பார்களே என்று அப்பா மொய்யை மட்டும் கொடுத்தனுப்புகிறார். ஊரையே ஒரு பிள்ளையின் ரேங்க்கைப் பற்றி விசாரிக்க வைத்த சமூக ஒற்றுமைக்குத் தங்களுக்குத் தனி விருது தர வேண்டும். இதற்கிடையில் முகம் தெரியாத அன்பர் ஒருவர் போன் செய்து, "சார், மேனேஜ்மென்ட்ல ஒரு சீட்டு இருக்கு, இன்னைக்கே சொல்லிட்டீங்கன்னா நல்லது" என்கிறார். பிள்ளையின் மதிப்பெண், அப்பாவின் பெயர், வீட்டு போன் நம்பர் எல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்களுக்குத் தெரியாதது அத்தனையும் அவருக்குத் தெரிகிறது.

காத்திருப்பைப் பொன்னாக்கும் ரசவாதத்தையும் சொல்லாமல் விட்டால் இந்த மெய்க்கீர்த்தி நிறைவுறாது. நிகர்நிலைப் பல்கலைக்கழக மருத்துவ இடத்துக்கு அகில இந்தியக் கலந்தாய்வில் பெயர் பதியவே இரண்டு லட்சம் ரூபாய் பிணைத்தொகை. அது இருப்பவர் தகுதியுள்ளவர், இல்லாதவர் பொறுமையுள்ளவர். மருத்துவம் கிடைக்காவிட்டால் என்ன செய்வது என்ற பயத்தில் அப்பா நகையை அடகு வைத்து ஒரு பொறியியல் கல்லூரியில் பணம் கட்டி வைக்கிறார். அசல் சான்றிதழ்கள் அங்கே சிறைபுகுகின்றன. மருத்துவ இடம் வந்து பணத்தையும் சான்றிதழையும் திரும்பக் கேட்டால், கல்லூரி அவருக்கு இன்னொரு காத்திருப்பை வழங்குகிறது. 2022-இல் தமிழ்நாட்டின் பொறியியல் கலந்தாய்வே நீட் முடிவு வரட்டும் என்று தள்ளிப்போனது. டாக்டராக ஆசைப்படாத பிள்ளையும் தங்கள் கொடையில் நனைந்தது.

தமிழ்நாட்டுக்கு மட்டும் காத்திருப்பு சற்றுத் தாராளம். 2017-இல் நீட்டிலிருந்து ஓராண்டு விலக்குக்கு அவசரச் சட்டம் வந்துவிடும், வந்துவிடும் என்று ஆகஸ்ட் 22 வரை நம்பிக்கை ஊட்டி, அன்றைக்குத்தான் மத்திய அரசு கதவைச் சாத்தியது. 2021-இல் சட்டமன்றம் நிறைவேற்றிய விலக்கு மசோதாவை ஆளுநர் 2022 பிப்ரவரியில் திருப்பி அனுப்ப, சட்டமன்றம் அதே மாதம் மீண்டும் நிறைவேற்ற, குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுத்த செய்தி 2025 ஏப்ரலில் வந்து சேர்ந்தது. அதற்குள் பள்ளியில் இருந்த பிள்ளைகள் எத்தனை செட் வெளியேறினார்கள்! இல்லை என்ற ஒரு சொல்லை இவ்வளவு நிதானமாக உச்சரிப்பது பண்பாட்டின் உச்சம்.

எல்லாம் தரத்துக்காக. அந்தத் தரத்தின் சிகரத்தை 2023 செப்டம்பரில் கண்டோம். முதுநிலை இடங்கள் காலியாகக் கிடக்கவே, தகுதி எல்லை பூஜ்ஜியம் பர்சென்டைலாக இறங்கியருளியது. தேர்வு அறைக்குள் போய் உட்கார்ந்த எல்லாருக்கும் வாசல் திறந்தது. கட்டணம் கட்ட வழியில்லாதவருக்கு மட்டும் அது திறந்தது போலவே தெரிந்தது.

பெருந்தகைகளே, தங்கள் திருவடிக்கு ஒரே ஒரு விண்ணப்பம். இந்தப் பேற்றை எங்கள் பிள்ளைகளுக்கே கொடுத்துத் தாங்கள் இழந்து நிற்பது எங்களுக்குப் பொறுக்கவில்லை. வரும் ஆண்டு முடிவு வெளியாகும் வரை, தங்கள் வீட்டுப் பிள்ளைகளை நன்கொடை இடமும் வெளிநாட்டு இடமும் இல்லாமல் எங்கள் பிள்ளைகளோடு வரிசையில் நிறுத்துங்கள். அந்த ஆண்டு முடிவு சொன்ன நாளில் சொன்னபடி வரும் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே இல்லை.