கண்ணகிக்கு ஒரு நாள் அனுமதி

மதுரையை எரித்தவளைப் பார்க்க வருஷத்துக்கு ஒரே நாள்தான் அனுமதி. சித்ரா பௌர்ணமியன்று பளியன்குடி வழியாக நடந்தோ, குமுளியிலிருந்து ஜீப்பிலோ மங்கலதேவி மலையேறி, பொழுது சாய்வதற்குள் இறங்கிவிட வேண்டும். மற்ற நாளெல்லாம் பெரியாறு காட்டில் புலிகளோடு அவள் இருந்துகொள்ளட்டும் என்பது தமிழக, கேரள அரசாங்கங்களின் ஏகமனதான பக்தி. விழாவுக்கு முன் தேனி கலெக்டரும் இடுக்கி கலெக்டரும் கூடிப் பேசுவார்கள். குடிநீர், பிளாஸ்டிக் தடை, போலீஸ் பந்தோபஸ்து எல்லாம் முடிவாகும். எல்லையில் இடிந்து கிடக்கும் கோயில் யாருடையது என்பது மட்டும் பல பத்தாண்டுகளாக முடிவாகாது.

பாண்டியன் தேவலை. ஒரே விசாரணை, தப்பை ஒப்புக்கொண்டான், அங்கேயே செத்தான். இங்கே எவனுக்கும் காய்ச்சல்கூட வரவில்லை.

கணநாத் ஒபயசேகர என்ற இலங்கை மானிடவியலாளர் கண்ணகி பின்னாலேயே ஊர் ஊராக அலைந்து, சடங்குப் பாட்டுகளைச் சேகரித்து, அறுநூறு பக்கத்துக்கு மேல் ஒரு புத்தகம் எழுதினார். பௌத்த, சமண வணிகரோடு கடல் கடந்தவள், கேரளத்தில் பகவதிக்குள் கரைந்தவள், சிங்கள பௌத்தருக்குப் பத்தினி தெய்யோ, மட்டக்களப்புத் தமிழருக்குக் கண்ணகை அம்மன் என்று அதில் தடம் பிடித்தார். புத்தகம் வந்தது 1984-இல். அதற்கு முந்தைய வருஷம் ஜூலையில்தான் அவளைக் கும்பிடும் ஒரு கூட்டம், அவளையே கும்பிடும் இன்னொரு கூட்டத்தைக் கொழும்புத் தெருவில் கொளுத்தியது. நம்மவர்கள் அந்த அளவுக்கு மோசமில்லை, ஃபைலைத்தான் கட்டி வைத்திருக்கிறார்கள்.

எல்லை அவ்வளவு புனிதமென்றால் போடிக்கு வந்து பாருங்கள். விடியுமுன்னே ஜீப்பில் புளிமூட்டையாக அடைபட்டு, போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் ஏறி, ஏலத்தோட்டத்துக்குக் காயெடுக்கப் போகிறார்கள் பெண்கள். அவர்களை மறித்து இது எந்த மாநிலத்து மலை என்று யாரும் பாடம் நடத்துவதில்லை. காய் விளைவது கேரளத்தில், பறிப்பது தமிழ்நாட்டுக் கை, ஏலம் புற்றடியிலும் போடியிலும். காசு கொட்டுகிற காய் என்றதும் இரண்டு அரசுக்கும் எவ்வளவு நேசம்! அதே கூலிக்காரி சித்திரையில் மஞ்சளும் வளையலும் எடுத்துக்கொண்டு தன் சாமியைப் பார்க்கப் போனால்தான் சோதனைச் சாவடி முளைக்கிறது.

மாண்புமிகு முதலமைச்சர்களுக்கு ஒரு விண்ணப்பம். கண்ணகியை நறுமணப் பொருள் வாரியத்தில் பதிவு செய்துவிடுங்கள். மூட்டைக்கு இவ்வளவு என்று விலை விழட்டும். அடுத்த சித்திரைக்குள் கோயிலுக்குக் கூரையும் ஏறிவிடும், தார் ரோடும் வந்துவிடும்.