இடப்பக்கத்து மனிதர்

பழைய எம்ஜிபி காரின் பானட்டைத் தூக்கியதும் அவர் எந்தப் பக்கம் போய் நிற்பார் என்று கேட்கவே வேண்டாம். இடப்பக்கம்தான். இரட்டை எஸ்யூ கார்புரேட்டர்கள் இருப்பது அங்கே. தேய்த்துத் தேய்த்துப் பளபளக்கும் இரண்டு அலுமினியக் குடங்கள், கோபுரக் கலசம் மாதிரி. டிஸ்ட்ரிபியூட்டர் எஞ்சினின் வலப்பக்கம், கறுப்பு மூடியும் ஐந்து வயர்களுமாக, பார்க்க லட்சணமில்லாமல் உட்கார்ந்திருக்கும். அந்தப் பக்கம் அவர் போனதாகச் சரித்திரம் கிடையாது. இங்கிலாந்தில் எந்த ஊரானாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரைக் கண்டுபிடித்துவிடலாம்: இடப்பக்க மட்கார்டில் முழங்கை பட்டுப் பட்டு வழவழத்த பெயின்ட், சட்டைப்பையில் ஒரு முழ ரப்பர் குழாய், ஒரு கையில் டீ, மறு கையில் ஸ்பேனர், வாயில் "இன்னும் ஒரே ஒரு பட்டை".

பட்டை என்பது, கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் துளையான ஜெட்டுக்கு அடியில் இருக்கும் அறுபட்டை நட்டின் ஒரு முகம். மேலே ஏற்றினால் பெட்ரோல் குறையும், கீழே இறக்கினால் கூடும். நாட்டு வைத்தியருக்கு வேப்பம்பட்டை எப்படியோ இவருக்கு நட்டின் பட்டை அப்படி. வண்டியில் பிக்கப் இல்லையா, ஒரு பட்டை இறக்கு. சூடேறுகிறதா, ஒரு பட்டை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கிறதா, அரைப் பட்டை, குளிர்காலமாச்சே. முன்னதில் ஒரு பட்டை திருப்பினால் பின்னது கோபித்துக்கொள்ளும் என்பதால் அதற்கும் ஒன்று. இரட்டைக் குழந்தைகளுக்கு மிட்டாய் பங்கு வைக்கிற தாய்போல மாறி மாறித் திருப்பிவிட்டு, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதிலும் மறுமுனையைக் கார்புரேட்டர் வாயிலும் வைத்து, இரண்டும் ஒரே சுருதியில் சீறுகின்றனவா என்று கண்ணை மூடிக் கேட்பார். அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். மார்கழிக் கச்சேரியில் தம்புரா ஒரு துளி சுருதி இறங்கியதைத் தான் மட்டும் கண்டுபிடித்துவிட்ட ரசிகரின் முகம். இது பொய்யான வித்தை என்று சொல்ல மாட்டேன். காற்றின் சீறலைக் காதால் ஒப்பிட்டுச் சமன் செய்வது அந்தக் கார்புரேட்டருக்கு உரிய முறைதான். பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் தூக்கி எஞ்சினின் வேகம் கூடுகிறதா குறைகிறதா என்று பார்ப்பதும் முறைதான். நோய் அங்கே இல்லை என்பதுதான் தகராறு.

இதற்குச் சாட்சி அந்த இரட்டைக் கார்புரேட்டர்களே. முன்னது முதல் இரண்டு சிலிண்டர்களுக்கு ஊட்டுகிறது, பின்னது மற்ற இரண்டுக்கு. ஒன்று கெட்டால் பாதி எஞ்சின் நொண்ட வேண்டும், பாதி நன்றாக ஓட வேண்டும். நாலு சிலிண்டரும் ஒரே மாதிரி சோர்ந்து, மேட்டில் ஏற மறுத்து, தண்ணீரைக் கொதிக்க வைத்தால் என்ன அர்த்தம்? இரண்டு கார்புரேட்டர்களும் கூடிப் பேசி, ஒரே இரவில், ஒரே அளவுக்குக் கெட்டுப்போயின என்று நம்ப வேண்டும். அதைவிட, நாலுக்கும் பொதுவான ஒரு சாமான் பிசகியிருக்கிறது என்று நினைப்பது சுலபம். பொதுவானவை சில உண்டு. பெட்ரோல் பம்ப் ஒன்று. அதைவிட முக்கியமானது, தீப்பொறியை நாலு சிலிண்டருக்கும் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர். அதற்குள்ளே, திறக்கும்போதெல்லாம் தீப்பொறியை உண்டாக்கும் பாயிண்ட் என்ற சுவிட்ச் என்ன பாடுபடுகிறது என்று கணக்குப் போட்டால் பாவமாக இருக்கும். எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் பாயிண்ட் 6000 தடவை திறந்து மூடுகிறது, மணிக்கு 3 லட்சத்து 60 ஆயிரம். கேமில் உரசும் அதன் குதிகால் தேயத் தேய இடைவெளி சுருங்கும். சுருங்கினால் பாயிண்ட் தாமதமாகத் திறக்கும். தீப்பொறியும் தாமதமாக வரும். ஜெட் நட்டோ ஸ்பிரிங்கின் பிடியில் சிவனே என்று கிடக்கிறது. யாரும் தொடாத வரையில் நகராது. தேய்கிறதைத் தொடாமல் தேயாததைத் திருப்புவதுதான் இவருடைய ஞாயிற்றுக்கிழமை.

"சத்தம் கார்புரேட்டரிலிருந்துதானே வருகிறது, காது கேட்கவில்லையா?" என்பது அவருடைய முதல் வாதம். தும்மல் மூக்கில் வருகிறது, சளி பிடித்தது மழையில் நனைந்ததால். பெட்ரோல் குறைந்த கலவையும் தும்மும், மறுக்கவில்லை. இரண்டு பிளக் வயர்களை மாற்றி மாட்டினாலும் அதே வாயால்தான் தும்மும். இரண்டாவது வாதம் கொஞ்சம் கெட்டிக்காரத்தனமானது: அறுபது வருஷத்துக் கப்பியில் இருக்கிற, தீப்பொறியின் நேரத்தைப் பார்க்க உதவும் டைமிங் குறியை எப்படி நம்புவது? நம்ப வேண்டாம். முதல் சிலிண்டரின் பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடத்தை ஒருமுறை அளந்து, குறி சரிதானா என்று பார்த்துக்கொள்ளட்டும். ஒருநாள் வேலை. ஆனால் ஆரம்பகால எம்ஜிபியில் அந்தக் குறி கப்பிக்கு அடியில் இருக்கிறது, மல்லாக்கப் படுத்துத் தவழ்ந்தால்தான் தெரியும். டீ கோப்பையோடு தவழ முடியாது. உண்மையான ஆட்சேபம் அதுதான் என்று எனக்குச் சந்தேகம். மூன்றாவது, இப்போதைய பெட்ரோல். இதில் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. பிரிட்டனில் 2021இல் வந்த பெட்ரோலில் 10 சதவீதம் வரை எத்தனால். கலவை சற்று மெலியத்தான் செய்யும், ஓரிரு பட்டை இறக்கலாம். ஒருமுறை இறக்கலாம். வாராவாரம் இறக்க, பெட்ரோல் என்ன வாராவாரமா மாறுகிறது?

நம் ஊர் அம்பாசிடரின் பழைய 1489 சிசி எஞ்சினும் எம்ஜிபியின் 1798 சிசி எஞ்சினும் ஒரே பி சீரிஸ் குடும்பம். அம்பாசிடருக்கு கார்புரேட்டர் ஒன்றுதான், சமன் செய்து விளையாட ஜோடி கிடையாது. அதனாலோ என்னவோ, உப்புத்தாளை மடித்துப் பாயிண்டைத் தேய்த்து, கேப் வைத்து, மூடியை மாட்டி வண்டியைக் கிளப்பத் தெரியாத டிரைவர் அந்தக் காலத்தில் அபூர்வம்.

இந்த மனிதர்மேல் எனக்கு வெறுப்பில்லை. அந்தக் குடங்களை மணிக்கணக்கில் தேய்க்கிற பொறுமையில் ஒரு அன்பு இருக்கிறது. ஆனால் அவர் கை வைத்த வண்டி படுத்தும் பாடு இருக்கிறதே! தீப்பொறி தாமதமானதால் ஐட்லிங் இறங்கும். அதைத் தூக்க அவர் திராட்டில் ஸ்க்ரூவை ஏற்றி வைத்திருப்பார். இப்போது எஞ்சின் 1200 சுற்றில் நிற்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் இருக்கும் எடைகள் அந்த வேகத்துக்கே விரியத் தொடங்கி, தீப்பொறியை முன்னுக்கு இழுத்துவிடும். அந்த நிலையில் டைமிங் லைட்டைப் பிடித்தால் 600 சுற்றில் காட்ட வேண்டிய 14 டிகிரியைக் காட்டும், பார்ப்பவருக்கு எல்லாம் சரி என்று தோன்றும். அதாவது, அவர் நோயைக் குணப்படுத்தவும் இல்லை, மற்றவர் கண்டுபிடிக்கவும் விடவில்லை. இத்தனைக்கும் எஞ்சினை ஓட்டாமலே டைமிங் வைக்கத் தேவையான கருவி ஒரு 12 வோல்ட் பல்பு: பாயிண்ட் திறக்கும் கணத்தில் எரியும், 10 டிகிரியில் எரிந்தால் முடிந்தது. இதையெல்லாம் விட மோசம், எத்தனை பட்டை திருப்பினோம் என்று அவர் எழுதி வைப்பதே இல்லை. அவருக்குப் பின்னால் வருகிற மெக்கானிக் பாயிண்டை மாற்றி, டைமிங்கை வைத்துவிட்டு, இரண்டு நட்டையும் முழுக்க மேலே ஏற்றி, பன்னிரண்டு பட்டை எண்ணி இறக்கி, அரிச்சுவடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. எண்ணுகிற நேரத்தில் இவர் பக்கத்திலேயே நிற்பார். இடப்பக்கத்தில். ஒன்பது, பத்து, பதினொன்று வரை பொறுத்துக்கொண்டு, பன்னிரண்டில் மெல்லத் தொண்டையைச் செருமி, "எதற்கும் இன்னும் ஒன்று இறக்குங்களேன்" என்பார்.